பெரியவர் யார்?

 

இன்றைய பேச்சு ஒரு கேள்வியைப் பற்றியது. விளையாட்டிலும் கலையிலும் பெரியவர் என்று யாரைச் சொல்லலாம்?

இதில் என்ன சந்தேகம் என்று சிலர் நினைக்கலாம். போட்டியில் ஜெயித்தவர் பெரியவர். பதக்கம் வாங்கியவர் பெரியவர். பேப்பரில் படம் வந்தவர் பெரியவர். நிறையப் பணம் சேர்த்தவர் பெரியவர். டீக்கடையில் பேசினாலும் திண்ணையில் பேசினாலும் பேச்சு இப்படித்தான் போகும்.

இது சரிதானா? நான்கு பேருடைய வாழ்க்கையை எடுத்துப் பார்க்கலாம். இரண்டு பேர் விளையாட்டு வீரர்கள். இரண்டு பேர் கலைஞர்கள். நான்கு பேரும் நம் நாட்டின் வெவ்வேறு மூலையில் பிறந்தவர்கள். யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை.

நிலா வெளிச்சத்தில் ஆட்டம்

முதலில் தியான் சந்த். ஹாக்கி ஆட்டக்காரர்.

இவர் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தார். தியான் சந்தும் 1922இல் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16. அங்கேதான் ஹாக்கியை முறையாகக் கற்றார். பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்.

பகலில் ராணுவ வேலை. வேலை முடிந்த பிறகுதான் பயிற்சி. மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. நிலா வெளிச்சத்தில் பந்தை அடித்துப் பழகினார் என்று சொல்வார்கள். அவருடைய உண்மைப் பெயர் தியான் சிங். இந்தியில் நிலாவுக்குச் 'சாந்த்' என்று பெயர். நிலாவில் பழகியதால் தியான் சிங் தியான் சந்த் ஆனார் என்பார்கள்.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டி. இந்தியா 5 ஆட்டம் ஆடியது. தியான் சந்த் மட்டும் 14 கோல் போட்டார். இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ். மறுபடியும் தங்கம். 1936இல் பெர்லின். அப்போது அவர்தான் அணித் தலைவர். மூன்றாவது முறையும் தங்கம்.

மூன்று தங்கம் வாங்கியதால் அவர் பெரியவரா? அந்த அணிகளில் வேறு பலரும் ஆடினார்கள். அவர்களும் தங்கம் வாங்கினார்கள். இவர் பெயர் மட்டும் ஏன் ஊரெல்லாம் நிற்கிறது?

1932இல் அமெரிக்காவோடு நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். இந்தியா 24 கோல் போட்டது. அமெரிக்கா 1 கோல் போட்டது. தியான் சந்த் போட்டது 8. அவருடைய தம்பி ரூப் சிங் போட்டது 10. அண்ணனைவிடத் தம்பிக்கு 2 கோல் அதிகம்!

தியான் சந்த் மட்டையில் பந்து வந்தால் அதைப் பிடுங்குவது கடினம். அவர் நினைத்திருந்தால் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல இடத்தில் வேறொருவர் நின்றால், பந்தை அவருக்குத் தள்ளிவிடுவார். கோல் யார் பெயரில் விழுந்தாலும் அது அணியின் கோல்தான். இதை அவர் அறிந்திருந்தார்.

1936இல் பெர்லினில் இன்னொன்று நடந்தது. ஒலிம்பிக் தொடங்கும் முன் ஒரு பயிற்சி ஆட்டம். அதில் ஜெர்மனி 4க்கு 1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. தலைவர் என்ன செய்தார்? நான் ஒருவன் போதும் என்று சொல்லவில்லை. அணியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைத்தார்கள். ஆகஸ்டு 15ஆம் தேதி இறுதி ஆட்டம். அதே ஜெர்மனியை இந்தியா 8க்கு 1 என்று வென்றது.

தியான் சந்த் 1956இல் மேஜராக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் இளைஞர்களுக்கு ஹாக்கி கற்றுக் கொடுத்தார். 1979இல் காலமானார். அவருடைய பிறந்த நாள்தான் இன்று தேசிய விளையாட்டு நாள்.

நூறில் ஒரு பங்கு

அடுத்தவர் பி.டி. உஷா. கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் பய்யோலி என்ற கடற்கரை ஊர். அங்கே வளர்ந்தவர்.

1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்காக ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கியது. அதில் சேர்ந்த சிறுமிகளில் உஷாவும் ஒருவர். ஓ.எம். நம்பியார் என்ற பயிற்சியாளர் இந்தச் சிறுமியின் ஓட்டத்தைக் கவனித்தார். பல ஆண்டுகள் கூடவே இருந்து பயிற்சி கொடுத்தார். உஷா பய்யோலிக் கடற்கரை மணலிலும் ஓடிப் பழகினார். மணலில் கால் புதையும். ஓடுவது சிரமம். அப்படிப் பழகிய கால் தரையில் பறக்காதா?

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். வழியில் 10 தடைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தாண்டி ஓட வேண்டும். உஷா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். நாடே காத்திருந்தது.

ஓட்டம் முடிந்தது. மூன்றாவது வந்தவர் எடுத்த நேரம் 55.41 நொடி. உஷா எடுத்த நேரம் 55.42 நொடி. ஒரு நொடியை நூறு பங்காக்குங்கள். அதில் ஒரே ஒரு பங்கு. கண் இமைக்க இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அந்த ஒரு பங்கில் வெண்கலப் பதக்கம் போய்விட்டது. உஷா நான்காவது. நான்காவது வந்தவருக்குப் பதக்கம் இல்லை.

பதக்கம் வாங்கியவர்தான் பெரியவர் என்றால், உஷாவின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1986இல் சியோல் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கே அவர் 4 தங்கமும் 1 வெள்ளியும் வாங்கினார்.

அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. ஓடுவதை நிறுத்திய பிறகு, 2002இல் உஷா ஒரு பள்ளி தொடங்கினார். ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பள்ளி அது. பெண் பிள்ளைகளுக்கு அங்கேயே தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி. தன் காலால் எட்ட முடியாத இடத்தை, இந்தப் பெண்களின் கால் எட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

அங்கே பயின்றவர்களில் ஒருவர் டின்டு லூக்கா. அவர் 2010இல் 800 மீட்டர் ஓட்டத்தில் தேசிய சாதனை செய்தார். 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். 2015இல் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வாங்கினார்.

தோல்வி யாருக்கும் வரும். தோற்றவர் சிலர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உஷா அடுத்தவருக்குக் கதவைத் திறந்து வைத்தார்.

வாசலிலிருந்து மேடைக்கு

இனி கலைக்கு வரலாம். மூன்றாமவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான்.

இவர் வாசித்தது ஷெனாய். அது நம் ஊர் நாதஸ்வரம் போன்ற கருவி. ஆனால் அளவில் சிறியது. வட நாட்டில் கல்யாணம் என்றால் ஷெனாய் இருக்கும். அரண்மனை வாசலிலும் கோயில் வாசலிலும் அதை வாசிப்பார்கள். மங்கல வாத்தியம் என்று மதிப்பு உண்டு. ஆனால் அதன் இடம் வாசல்தான். உள்ளே கச்சேரி மேடையில் உட்கார்ந்து முழு ராகம் வாசிக்கும் கருவியாக அதை மதிக்கவில்லை.

பிஸ்மில்லா கான் 1916இல் பீகாரில் தும்ராவ் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதில் காசிக்கு வந்தார. அவருடைய மாமா அலி பக்ஷ் காசி விசுவநாதர் கோயிலில் ஷெனாய் வாசித்தவர். மாமாதான் குரு. கங்கைக் கரையில் பாலாஜி கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பையன் மணிக்கணக்கில் சாதகம் செய்வான். குடும்பம் முஸ்லிம் குடும்பம். வாசித்துப் பழகியது கோயிலில். காசியில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஐந்து வேளைத் தொழுகையும் அவருக்கு உண்டு. கலைமகளிடம் பக்தியும் உண்டு.

1937இல் கல்கத்தாவில் ஓர் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அந்த மேடையில் பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசித்தார். கேட்டவர்கள் வியந்தார்கள். அதன் பிறகு ஷெனாய்க்குக் கச்சேரி மேடையில் இடம் கிடைத்தது. 1947இல் நாடு விடுதலை அடைந்தபோது, தில்லிச் செங்கோட்டையில் அவருடைய ஷெனாய் ஒலித்தது. 1950இல் குடியரசு பிறந்தபோதும் அங்கே அவர் வாசித்தார்.

பேரும் புகழும் வந்தன. உலக நாடுகள் அழைத்தன. அவரோ காசியில் அதே பழைய வீட்டில் இருந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் போவார். அமெரிக்காவிலேயே தங்கிவிடுங்கள், காசியைப் போலவே ஓர் இடம் அமைத்துத் தருகிறோம் என்று சிலர் கேட்டார்களாம். கங்கையை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

2001இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 2006 ஆகஸ்டு 21ஆம் தேதி காலமானார். அவரோடு ஒரு ஷெனாயையும் சேர்த்து அடக்கம் செய்தார்கள்.

கல்யாண வாசலில் ஷெனாய் வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் கருவி பெரிய மேடை ஏறிய கருவி என்று அவர்கள் தலை நிமிர்ந்து சொல்லலாம். அவர் ஒருவர் உயர்ந்தபோது அந்தக் கருவியைத் தொட்ட எல்லோருக்கும் மதிப்புக் கூடியது.

எழுந்து நின்ற பெண்

நான்காமவர் தீஜன் பாய். சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாய் நகருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற கிராமம். அங்கே 1956இல் பிறந்தார். பார்தி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது.

அந்தப் பகுதியில் பாண்டவானி என்ற கலை உண்டு. பாண்டவர் கதையைப் பாட்டும் பேச்சும் நடிப்புமாகச் சொல்வது. நம் பக்கத்தில் தெருக்கூத்தில் பாரதக் கதை ஆடுவார்கள் அல்லவா? பாண்டவானியில் அத்தனை வேடத்தையும் ஒரே ஆள் நடிப்பார். கையில் தம்புரா இருக்கும். அது ஒரு நேரம் பீமனுடைய கதை ஆகும். ஒரு நேரம் அர்ஜுனனுடைய வில் ஆகும்.

தீஜன் பாயின் தாய்வழித் தாத்தா பிரிஜ்லால். அவர் பாரதக் கதையைப் பாடுவார். சிறுமி கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தாள். தாத்தா அதைப் பார்த்தார். பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று விரட்டவில்லை. உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தார்.

பாண்டவானியில் இரண்டு முறை உண்டு. ஒன்று உட்கார்ந்து பாடுவது. இன்னொன்று எழுந்து நின்று, நடந்து, நடித்துப் பாடுவது. அந்தக் காலத்தில் பெண்கள் பாடினால் உட்கார்ந்துதான் பாட வேண்டும். நின்று ஆடிப் பாடுவது ஆண்களுக்கு உரியது. இது எழுதாத சட்டம்.

தீஜன் பாய் 13 வயதில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முதன்முதலாக மேடை ஏறினார். கிடைத்த கூலி 10 ரூபாய். அவர் உட்காரவில்லை. நின்று பாடினார்.

பெண் பாண்டவானி பாடுவதா என்று சாதி சனம் கொதித்தது. அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டார். அக்கம் பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்கிச் சமைத்தார். பாட்டை மட்டும் விடவில்லை.

நாடக ஆசிரியர் ஹபீப் தன்வீர் அவருடைய பாட்டைக் கேட்டார். இது சாதாரணத் திறமை இல்லை என்று கண்டுகொண்டார். அதன் பிறகு தில்லி வரை பெயர் போனது. வெளிநாடுகளுக்கும் போனது. 2003இல் பத்மபூஷண், 2019இல் பத்மவிபூஷண் விருதுகள் அவருக்குக் கிடைத்தன.

இப்போது பெண்கள் நின்று பாண்டவானி பாடுகிறார்கள். யாரும் ஊரை விட்டு ஒதுக்குவதில்லை. அவரிடம் கற்ற உஷா பார்லே என்ற பெண்ணுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒருவர் அடி வாங்கிப் போட்ட பாதை. பின்னால் வருபவர்கள் முள் குத்தாமல் நடக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். எழுத்துத் தெரியாமலே அவர் இவ்வளவு உயர்ந்தார். அப்படியானால் எழுதப் படிக்க எதற்கு இத்தனை பாடு?

நல்ல கேள்விதான். எழுத்துத் தெரியாதவர் அறிவில்லாதவர் அல்ல. பாரதம் முழுவதையும் மனத்தில் வைத்திருந்த பெண்ணை அறிவில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவருக்கு ஒரு பிரிஜ்லால் கிடைத்தார். ஒரு ஹபீப் தன்வீர் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. எத்தனையோ தாத்தாக்களின் கதைகள் அவர்களோடு போய்விட்டன. எத்தனையோ பாட்டிகளின் தாலாட்டை இப்போது பாட ஆள் இல்லை. எழுதி வைத்திருந்தால் அவை இருந்திருக்கும். கேட்டு வைக்க ஒரு பேத்தி இல்லாத வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கலாம்.

பின்னால் நின்றவர்கள்

இந்த நான்கு பேருக்கும் பொதுவானது என்ன?

கடுமையான பயிற்சி எல்லோரிடமும் இருந்தது. நிலா வெளிச்சம், கடற்கரை மணல், கங்கைக் கரை, தாத்தாவின் திண்ணை. இடம்தான் வேறு. பாடு ஒன்றுதான். ஆனால் பயிற்சி மட்டும் போதாது. கடுமையாகப் பயிற்சி செய்து, ஜெயித்து, தன் பெட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டவர்களும் உலகில் உண்டு. அவர்களைத் திறமைசாலி என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல மனம் வராது.

இந்த நால்வரும் ஒன்று செய்தார்கள். தங்கள் கைக்கு வந்ததை, வந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக்கினார்கள். பிறகு அதை அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தியான் சந்த் பந்தைத் தள்ளிக் கொடுத்தார், பிறகு ஆட்டத்தையே கற்றுக் கொடுத்தார். உஷா தன் கனவைப் பெண் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிஸ்மில்லா கான் ஒரு கருவிக்கு மேடையைக் கொடுத்தார். தீஜன் பாய் பெண்களுக்கு நிற்கும் உரிமையைக் கொடுத்தார். இவர்கள் பெரியவர்கள் ஆனது இதனால்தான். விருது பிறகு வந்தது. வராமல் போயிருந்தாலும் இவர்கள் செய்தது குறைந்துவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு பேருக்கும் பின்னால் ஒருவர் இருந்தார். பாலே திவாரி, நம்பியார், அலி பக்ஷ், பிரிஜ்லால். நம்பியாருக்கு அரசு துரோணாச்சாரியா விருது கொடுத்தது. மற்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரிஜ்லால் ஒரு கிராமத்துத் தாத்தா. வீட்டுக்குள் பாடினார். ஒரு சிறுமி காது கொடுத்துக் கேட்டதைக் கவனித்தார். அவளை விரட்டாமல் இருந்தார். அவர் விரட்டியிருந்தால்?

உங்கள் ஊரில்

உங்கள் ஊரிலும் ஒரு பெண் பிள்ளை வேகமாக ஓடும். வயதுக்கு வந்துவிட்டாள், ஓடியது போதும் என்று வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். ஒரு பையன் தகரத்தைத் தட்டித் தாளம் போடுவான். சத்தம் போடாதே என்று தலையில் குட்டு விழும். ஒரு கிழவருக்குப் பழைய பாட்டு நூறு தெரியும். கேட்க ஆள் இருக்காது.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகாது. எல்லோருக்கும் டில்லியில் விருது கிடைக்காது. அது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எது வரை போகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. கனியாரி கிராமத்தில் அந்தச் சிறுமியைப் பார்த்த எவருக்கும் தெரியவில்லை.

ஓடும் பிள்ளையை ஓட விடுவதற்கு விருது வேண்டாம். பணமும் அதிகம் வேண்டாம். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரிடம் போய் ஒரு வார்த்தை பேசலாம். அந்தக் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வைக்கலாம். இப்போதுதான் உங்கள் கைக்கு எழுத்து வந்திருக்கிறதே!

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் ஓடுகிற, பாடுகிற, ஆடுகிற பிள்ளைகள் யார் யார் என்று யோசியுங்கள். ஒரு தாளில் அவர்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே, அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்றும் எழுதுங்கள். அடுத்த வாரம் வட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பேசலாம்.